பேராதனையில் முடியாமல் நின்ற நூல்: ஹென்றி ட்ரைமன்

பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் சுற்றுலா செல்லாத பாடசாலை மாணவர் நம் நாட்டில் குறைவு. ஆனால், அப்பூங்காவில் பதினாறு ஆண்டுகள் பணிப்பாளராக இருந்து, இத்தீவில் தானாக வளரும் பூக்குந் தாவரங்களை இனங்கண்டு வகுத்த ஹென்றி ட்ரைமனின் பெயரை அறிந்தோர் சிலரே.

1843 ஒக்டோபர் 26 ஆம் திகதி லண்டனில் பிறந்த ட்ரைமன், முறைப்படி மருத்துவம் கற்றவர். எனினும் மனம் செடிகளிலேயே நின்றது. 1866 இல் பூக்குந் தாவரங்களுள் மிகச் சிறியதான வூல்பியா இங்கிலாந்திலும் உண்டு என்பதை முதன்முதலிற் கண்டவர் அவரே. குண்டூசித் தலையளவே உள்ள அச்செடியைக் கண்ட அந்தக் கண்தான் பின்னர் இலங்கைக் காடுகளையும் நோக்கியது. 1869 இல் பிரித்தானிய நூதனசாலையின் தாவரவியற் பிரிவிற் சேர்ந்த அவர், 1880 இல் துவைற்ஸின் இடத்துக்குப் பேராதனை வந்தார்.

அது கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்துகொண்டிருந்த காலம். சிங்கோனா, தேயிலை, கொக்கோ, இறப்பர் பற்றிய ஆலோசனையே தோட்டத்துரைமாருக்குத் தேவைப்பட்டது. அதையும் அவர் குறைவின்றிச் செய்தார். ஹெனரத்கொடவில் இறப்பர் மரங்களில் பால் வெட்டிப் பரிசோதித்தவர் அவரே. ஆயினும் பயனற்ற களையென்று பிறர் ஒதுக்கியவற்றை எண்ணித் தொகுக்கும் பணியை அவர் கைவிடவில்லை.

ஒரு செடியைப் புதிய இனமென்று அறிவிப்பது எளிதன்று. முன்னோர் எந்தச் செடிக்கு எந்தப் பெயரை இட்டனர் என்பது முதலில் தெளிவாக வேண்டும். இலங்கையில் அந்தச் சிக்கல் பழையது. ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராகக் கொழும்பில் இருந்த போல் ஹேர்மன், பதினேழாம் நூற்றாண்டில் செடிகளை உலர்த்தி ஒட்டி வைத்த ஏடுகளை ஆதாரமாகக் கொண்டே லினேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். இருசொற் பெயரீடு 1753 இலேயே நிலைபெற்றதால், அந்நூலின் செடிகளை இன்றைய பெயர்களுடன் பொருத்துவது கடினமாயிற்று. லண்டனில் எஞ்சியிருந்த அவ்வேடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எது எது என்று வரையறுத்து ட்ரைமன் 1887 இல் வெளியிட்ட கட்டுரை, அவரது பெருநூலுக்கு அடித்தளமாயிற்று. வடமத்தியில் தனித்து நிற்கும் ரிட்டிகல மலையின் தாவரங்களையும் அவர் தனியே ஆராய்ந்தார்.

பெருநூலின் முதற் பகுதி 1893 இல் வெளிவந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் அடையாளம், வளரும் இடம், பூக்கும் காலம் ஆகியவற்றுடன், தெரிந்தவரை சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அவர் கொடுத்தார். நம் கிராமத்தார் வழங்கிய பெயர்கள் ஓர் உயர் அறிவியல் நூலில் இடம்பெற்றது சிறிய காரியமல்ல. அவை ஆங்கில எழுத்தில் அச்சானதால், லகரமா ளகரமா ழகரமா என்று நாம்தான் ஊகித்தறிய வேண்டியுள்ளது.

இதற்கிடையில் உடல் அவரைக் கைவிட்டது. செவி முற்றாகக் கேளாமற் போயிற்று, கால்கள் செயலிழந்தன. காட்டுக்குள் நடந்தே கற்றவர் மேசையோடு கட்டுண்டார். ஆயினும் எழுத்து நிற்கவில்லை. மூன்றாம் பகுதி 1895 இல் வந்தது. 1896 ஒக்டோபர் 16 ஆம் திகதி, ஐம்பத்து மூன்று வயது நிறையப் பத்து நாட்கள் இருக்கையில், அவர் இலங்கையிலேயே காலமானார். ஆமணக்குக் குடும்பம் முதல் புற்கள் வரையானவை எஞ்சியிருந்தன.

அவற்றை எழுதி முடிக்கும் பொறுப்பை ஏற்றவர் சேர் ஜோசப் ஹூக்கர். அப்போது அவருக்கு வயது எண்பதை எட்டியிருந்தது. நான்காம் பகுதி 1898 இலும், புற்கள் அடங்கிய ஐந்தாம் பகுதி 1900 இலும் வெளிவந்தன. பின்னர் கண்டறியப்பட்டவற்றைச் சேர்த்து 1931 இல் அல்ஸ்ரன் ஓர் இணைப்பை வெளியிட்டார். 1980 இல் தொடங்கி தசநாயக்கவும் பொஸ்பேர்க்கும் பதிப்பித்த பல தொகுதிகள் கொண்ட திருத்திய நூலும், ட்ரைமன் தம் நூலுக்கு இட்ட பெயரையே தாங்கி வந்தது.