ஆச்சாரியாரின் திண்ணை

சேலத்திலே வாதாடிப் பேரும் பொருளும் ஈட்டிவந்த வழக்கறிஞர் ஒருவருக்கு, 1916-ஆம் ஆண்டிலே விந்தையானதோர் ஆசை பிறந்தது. விஞ்ஞானம் தமிழிலே பேச வேண்டும் என்பதே அந்த ஆசை! ஆங்கிலம் கற்றோர், தமிழ் அடுப்பங்கரைக்குப் போதும் என்று எள்ளி நகையாடிய காலம் அது.

தொரப்பள்ளி கிராம முன்சீப்பின் மகனாக 1878-லே பிறந்து, 1917-லே சேலம் நகராட்சித் தலைவராகவும் ஆன ராஜகோபாலாச்சாரியார்தான் அவர். நண்பர் வெங்கடசுப்பையரோடு சேர்ந்து, விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் தேட ஒரு சங்கமே கண்டார். பெயர், தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்! தமிழ் என்ற சொல்லை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் வடமொழி. நகைக்கலாம், நகைத்துவிட்டு வேலையை மறைத்தல் நேர்மையாகாது.

1925-லே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்தார். மதுவை எதிர்த்து 'விமோசனம்' ஏடு நடத்தினார். ஏர் பிடிப்பவனுக்கும் எட்டும் தமிழ் அவருக்கு வசப்பட்டிருந்தது. செடிகொடிகளைப் பற்றிய நூலுக்குத் 'தாவரங்களின் இல்லறம்' என்று பெயரிட்டார். வேதியியலுக்கோ, 'திண்ணை ரசாயனம்'! கல்லூரிக் கூடத்திலே கண்ணாடிக் குடுவைக்குள் அடைபட்டுக் கிடந்ததை, ஊரார் உட்கார்ந்து கதைபேசும் திண்ணைக்கு அழைத்துவரும் பெயர். மாற்றுக் கட்சிக்காரர் வைத்த பெயர்தான், ஆனாலும் எவ்வளவு அழகு!

ஆனால், அந்தத் திண்ணையிலே உட்கார உரிமை யாருக்கு?

தமிழுக்குச் சொல் தேடியவரே முதலமைச்சரானதும், 1938-லே பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். 1953-லே அதைவிடக் கொடுமை! கிராமத் தொடக்கப் பள்ளிகளிலே படிப்பு அரை நாள். மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது திட்டம். நெசவாளி மகன் தார் சுற்ற வேண்டும், குயவன் மகன் மண் பிசைய வேண்டும். தோட்டியின் மகன் எதைப் பழகுவது? இரசாயனத்தைத் திண்ணைவரை கொண்டுவந்த அதே கை, அதைப் படித்தறிய வேண்டிய பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியது. குலக்கல்வி என்று குறிசொல்லிப் பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார், மும்முனைப் போராட்டம் மூண்டது. 1954-லே ஆச்சாரியார் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் குப்பையிலே போட்டார்.

காலம் செய்த வேடிக்கை, பிற்காலத்திலே அவரே இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1967 தேர்தலிலே கழகத்தோடு கைகோத்தார். 1972 டிசம்பர் 25-லே, தமது 94-ஆவது வயதிலே, சென்னையில் மறைந்தார்.