தத்துவ போதகரும் தமிழில் படைப்புக் கொள்கையும்

முன்னுரை

தமிழகத்திற்கு வந்த ஐரோப்பியத் துறவியருள் உடை, உணவு, உறைவிடம் ஆகியவற்றில் இந்நாட்டு வழக்கை முழுமையாக மேற்கொண்டவர் இராபர்ட் தெ நொபிலி (1577–1656). தமிழ் மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தனர். அவருடைய காவியுடையும் பூணூலும் அவற்றால் எழுந்த வழக்கும் பலராலும் பேசப்பட்டவை. புறவாழ்வில் அத்துணை நெகிழ்ந்து கொடுத்த அவர், உலகத் தோற்றம் பற்றிய கிறித்தவக் கொள்கையில் சிறிதும் நெகிழவில்லை. உலகம் முன்பு இல்லாதது. இறைவன் எப்பொருளையும் மூலப்பொருளாகக் கொள்ளாமல் தன் ஆற்றலால் மட்டுமே அதனைத் தோற்றுவித்தான் என்பது அக்கொள்கை. அவர்தம் வாழ்வை இக்கொள்கையின் வழி நின்று நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரை வாழ்வு

உரோமை நகரில் உயர்குடியில் பிறந்த நொபிலி, இயேசு சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெற்று 1605இல் கோவாவை அடைந்தார். 1606இன் இறுதியில் மதுரைக்கு வந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் முதிய துறவி சில ஆண்டுகளாகப் பணியாற்றியும், மதுரை மக்களிடையே புதிதாக எவரையும் தம் சமயத்திற்குக் கொணர இயலாதிருந்தார். கிறித்தவம் பறங்கியர் மார்க்கம் என்று கருதப்பட்டதே அதற்குக் காரணம் என நொபிலி உணர்ந்தார். ஆகவே தனிக்குடில் அமைத்து, புலால் நீக்கி, நாளைக்கு ஒருவேளை உணவுண்டு, துறவுக்கோலம் பூண்டார். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் வடமொழி பயின்றார்.

அக்கால மதுரை பெருங்கல்விக் களமாக விளங்கிற்று. அங்குப் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர் பயின்றனர் என்று 1610இல் எழுதிய மடலில் அவரே குறித்துள்ளார். தருக்கமும் வேதாந்தமும் கற்றோர் சூழ்ந்த அந்நகரில், இறைவன் உலகைப் படைத்தான் என்று அறிவிப்பது மட்டும் போதுமானதாக இல்லை. படைத்தல் இறைவனுடைய தொழில் என்பது அங்கிருந்தோர்க்குப் புதிய செய்தியன்று. எதிலிருந்து படைத்தான் என்பதே வினா.

குயவனும் மண்ணும்

மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் உலகத் தோற்றத்தைக் குடத்தின் உவமையால் விளக்குகிறது. குடத்திற்கு மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணன். அவ்வாறே உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணன். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதம் இதற்கு அடிப்படை. இறைவனைப் போலவே உயிரும் பாசமும் தொடக்கமற்றவை என்பது இம்மரபின் துணிபு.

தோமா அக்குவினாரின் மெய்யியலில் ஊறிய நொபிலிக்கு இவ்வுவமையில் குயவன் உடன்பாடு, மண் உடன்பாடன்று. மாறுவதும் பிறிதொன்றைச் சார்வதும் தானாகவே இருத்தல் இயலாது. அதன் இருப்பிற்குக் காரணம் வேண்டும். தொடக்கமற்ற ஒரு சடப்பொருள் இறைவனுக்கு இணையாக நிற்குமாயின், அவன் அதற்கு வடிவம் தருபவனாவானேயன்றி இருப்பைத் தருபவனாகான். இதுவே அவர் நின்ற மெய்யியல் மரபின் வாதம்.

இங்குக் கலைச்சொல் இடர் ஒன்று எழுகிறது. முதற்காரணம் என்பது ஐரோப்பிய மெய்யியல் நோக்கில் இறைவனைச் சுட்டும். சித்தாந்த வழக்கிலோ அது மண்ணைப் போன்ற மாயையைச் சுட்டும். ஒரே சொல் இரு மரபிலும் எதிரெதிர்ப் பொருளைத் தருகின்றது. தமிழ்க் கத்தோலிக்க மறைக்கல்வி நூல்களில் இறைவனுக்குரிய ஆறு இலக்கணங்களுள் தாமாக இருத்தல் முதலிலும், எல்லாவற்றிற்கும் ஆதிகாரணமாக இருத்தல் இறுதியிலும் நிலைபெற்றமையை இப்பின்னணியில் நோக்கினால் அதன் பொருத்தம் விளங்கும். கடவுளைக் குறிக்கும் பெயரிலும் இத்தகைய தேர்வு உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான நூலின் பெயரில் தம்பிரான் என்னும் சொல் இடம்பெற்றது. நொபிலியோ அனைத்திற்கும் தலைவன் என்று பொருள்படும் சருவேசுரன் என்னும் சொல்லை ஆண்டார்.

கொங்கு நாட்டுப் பயணம்

நொபிலியின் வாழ்க்கைமுறையைக் குறித்து எழுந்த முறையீடுகள் 1619இல் கோவாவில் ஆராயப்பட்டன. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியன சமூக வழக்கமா, சமயச் சடங்கா என்பதே வழக்கு. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் சில வரையறைகளுடன் அவற்றிற்கு இசைவளித்தார்.

அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். சேலத்தில் தொடக்கத்தில் தங்க இடமின்றிச் சத்திரத்தில் தங்கி நோயுற்றார்; பின்னரே ஆதரவு கிட்டியது. ஆட்சியுரிமை இழந்து மோரமங்கலத்தில் வாழ்ந்த திருமங்கல நாயக்கர் 1625இல் திருமுழுக்குப் பெற்றார். மதுரைக் கற்றோர் அவையில் உருவான சமயமொழி கொங்கு மண்ணின் பாளையத்தார் அவைகளையும் எட்டியது இப்பயணத்தால்தான்.

உயிரும் பிறவியும்

படைப்புக் கொள்கை உலகத் தோற்றத்தோடு நில்லாது உயிரையும் தொடுகின்றது. உயிர் தொடக்கமற்றது எனின் மறுபிறப்பிற்கு இடமுண்டு. ஒவ்வோர் உயிரும் புதிதாகப் படைக்கப்படுவது எனின் முற்பிறவி என்பதே இல்லை. நொபிலியின் ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆட்சேபம் ஆகிய மூன்றையும் தனித்தனி நூல்களாகவன்றி ஒரே வாதத்தின் மூன்று படிகளாகக் கொள்ளுதல் பொருந்தும்.

ஆயினும் இதனால் கடினமான வினா ஒன்று அவர்முன் வந்தது. மாந்தரிடையே காணும் ஏற்றத்தாழ்விற்குச் சித்தாந்தம் வினையைக் காரணமாக்கி, இறைவனைப் பழியினின்று நீக்குகின்றது. வினையை நீக்கின் அத்தாழ்வுக்கு யார் பொறுப்பு? சமூகம் இயங்க வேறுபாடு வேண்டும் என்பதும், செல்வமும் வறுமையும் நன்மை தீமைகளின் உண்மையான அளவுகோலல்ல என்பதும் அவர் தந்த விடையின் சாரம். வறுமை முன்வினையின் தண்டனையன்று என்ற அளவில் இவ்விடை ஒரு விடுதலை. ஆனால் நிலவிய சமூகப் படிநிலையை அது அசைக்கவில்லை. ஒரே படைப்பாளரின் மக்கள் எனக் கற்பித்த மறைப்பணியில், உயர்குலத்தார்க்குச் சந்நியாசிகளும் பிறர்க்குப் பண்டாரசாமிகளும் எனக் குருக்கள் பிரிந்தே நின்றனர். 1640இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமியாகப் பணியேற்றார். படைப்பில் ஒருமையும் பந்தியில் வேற்றுமையுமாகிய இம்முரண் தமிழ்க் கிறித்தவத்தை நெடுங்காலம் தொடர்ந்தது.

இறுதிக்காலம்

1640இல் நொபிலி மதுரையில் சிறைப்பட்டார். 1640களின் நடுப்பகுதியில் பார்வை மங்கிய நிலையில் மதுரையை விட்டு யாழ்ப்பாணம் சென்றார். பின்னர் மயிலாப்பூரை அடைந்து எளிய குடிலில் வாழ்ந்து 1656 சனவரி 16 அன்று மறைந்தார். அவர்தம் தமிழ் நூல்கள் பலவற்றை 1960களில் ச. இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாகப் பதிப்பித்தமையால் அவை ஆய்வுலகின் கைக்கு எட்டின.

முடிவுரை

நொபிலியின் உரைநடை வடசொல் மிகுந்தது. இன்று படிப்போர்க்கு எளிதன்று. எனினும் இல்லாமையிலிருந்து படைத்தல் என்னும் கருத்தை, அதனை அடியோடு மறுக்கும் மெய்யியல் செழித்திருந்த மொழியில் வாதமாக நிறுவ முயன்ற முன்னோடி உரைநடை அது. அவர் எதிர்கொண்ட சித்தாந்தமும் அவர் கொணர்ந்த கொள்கையும் இறைவனின் பெருமையைக் காக்கவே முனைந்தன: ஒன்று அவனைப் பழியினின்று காத்தது, மற்றொன்று அவனை வரம்பினின்று காத்தது. அவருடைய நூல்களைச் சமயப் பரப்புரையாக மட்டும் ஒதுக்காமல், பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்த் தருக்க உரைநடையாகச் சித்தாந்த நூல்களோடு ஒப்பவைத்து ஆராயின், தமிழ்க் கலைச்சொல் வரலாற்றில் விடுபட்ட ஒரு பகுதி துலங்கும்.