உடைந்த குப்பியின் ரோஜா

கோர்சிக்காத் தீவின் அஜாக்சியோவில் 1874ஆம் ஆண்டு பிறந்த பிரான்சுவா ஸ்போத்தூர்னோ, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். பாரிஸுக்கு வந்தபின் தாய்வழிப் பெயரைத் தழுவிக் கோட்டி ஆனார். மலர்த்தோட்டங்களுக்குப் பேர்போன கிராஸ் நகரிலே வாசனைக்கலை பயின்று, 1904இல் 'லா ரோஸ் ஜாக்மினோ' என்னும் தமது முதற் பரிமளத்தை ஆக்கினார். செந்நிற ரோஜா இனமொன்றின் பெயர் அது.

வணிகர் அதனை ஏற்கவில்லை. லூவ்ர் பெருங்கடையிலே குப்பியொன்று உடைந்து சிந்த, மணம் கமழ்ந்த திசையிற் பெண்கள் திரண்டனர் என்பது வழிவழி வரும் கதை. வேண்டுமென்றே உடைத்தார் என்பாரும் உளர். தந்திரமாகவே இருக்கட்டும், மணத்திலே தந்திரமில்லை. மலரின் சாற்றோடு இரசாயனப் பொருளையும் துணிந்து இசைவித்தவர் அவர். மலரைப் பிழிந்தால் மட்டும் மலர்மணம் முழுமையாக வந்துவிடாது என்பதை உணர்ந்திருந்தார்.

செல்வம் குவிந்தது. 1922இல் 'லெ ஃபிகாரோ' பத்திரிகையையும் வாங்கினார். அச்செல்வத்தைத் துவேஷ அரசியலுக்குச் செலவிட்டது அவர் வாழ்வின் மாறாக் கறை. பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதியை இழந்து, 1934இல் லூவெசியென்னில் மறைந்தார்.

அந்தப் பரிமளமும் பின்னர்க் கடைகளிலிருந்து மறைந்தது. வெர்சாயிலே 1990இல் நிறுவப்பட்ட ஒஸ்மோதெக் என்னும் மணக்காப்பகம், இத்தகைய மறைந்த வாசனைகளை இருளிலும் குளிரிலும் ஆர்கன் வாயுவின் காவலிலும் பேணுகின்றது. காகிதக் கீற்றில் தோய்த்து முகரத் தருவார்கள், விலைக்குத் தரமாட்டார்கள். ஜாக்மினோ ரோஜாச் செடியையோ நாற்றுப்பண்ணைகளில் இன்றும் வாங்கலாம்.