வெல்லாதவர் பெற்ற புகழ்: எஜேன் கிறிஸ்தோப்பின் வாழ்க்கை

யூலை மாதம் பிறந்துவிட்டால் பிரான்ஸ் நாட்டின் மலைக் கிராமங்கள் பல விழாக்கோலம் பூண்டுவிடுகின்றன. 'ரூர் து பிரான்ஸ்' எனப்படும் சைக்கிள் ஓட்டப் போட்டி தம் வாசலைக் கடந்து செல்லும் நாள், அக்கிராமத்தவர்க்கு எமது ஊர்த் தேர்த்திருவிழா நாளை ஒத்தது. 1903ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டியில் வென்று புகழ் பெற்றோர் பலர். அவர்களுள் பலரின் பெயர்கள் காலப்போக்கில் மங்கிவிட்டன. ஒரு தடவையேனும் முதலிடம் பெறாத ஒருவரின் பெயரோ இன்றும் பிரெஞ்சு மக்களின் நாவில் நிலைத்திருக்கிறது. அவர்தான் எஜேன் கிறிஸ்தோப். பூட்டுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அம்மனிதரின் வரலாற்றை நாம் இங்கு நோக்குவோம்.

பாரிஸ் மாநகரின் தெற்கு எல்லையை ஒட்டிய மலக்கோப் என்னும் இடத்தில் 1885 ஜனவரி 22ஆம் நாள் கிறிஸ்தோப் பிறந்தார். இளமையிலேயே பூட்டுத் தொழில் பழகினார். இரும்பை அறுக்கவும், அராவவும், உலையில் காய்ச்சி அடிக்கவும் அவரது கைகள் அப்போதே பயின்றுவிட்டன. 1904இல் சைக்கிள் ஓட்டத்தையே தொழிலாக ஏற்றுக்கொண்ட அவர், இரண்டு ஆண்டுகளின் பின் முதன்முதலாக ரூர் து பிரான்ஸ் போட்டியில் கலந்துகொண்டு ஒன்பதாம் இடத்தைப் பெற்றார். அவரது அடர்ந்த மீசையைக் கண்ட மக்கள், பிரான்சின் பண்டைக் குடிகளான கோல் இனத்தவரை நினைவுகூர்ந்து, அவரைக் 'கிழட்டுக் கோலர்' என்று அன்போடு அழைத்தனர்.

அக்காலத்துப் போட்டியை இன்றைய போட்டியோடு ஒப்பிட முடியாது. ஒரே நாளில் 300, 400 கிலோ மீற்றர் தூரம் ஓட வேண்டியிருந்தது. நள்ளிரவிலோ விடியலுக்கு முன்னரோ புறப்படுவார்கள். மலைப் பாதைகள் கல்லும் புழுதியும் நிறைந்த மாட்டுவண்டித் தடங்களாகவே இருந்தன. ஏற்றத்திற்கு ஒன்று, சமதரைக்கு ஒன்றெனப் பின்சில்லின் இரு பக்கங்களிலும் பற்சக்கரங்கள் இருந்தன. மலையடிவாரம் வந்ததும் ஓட்டுநர் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். வழியில் வண்டி பழுதடைந்தால் பிறர் உதவியின்றித் தாமே திருத்த வேண்டும் என்பது போட்டியை நடத்திய ஆன்றி டெகிராஞ் வகுத்த கடும் விதி. இந்த விதியே கிறிஸ்தோப்பின் வாழ்வில் பெரும் சோதனையாக அமைந்தது.

அவரது மனவுறுதியை உலகம் முதலிற் கண்டது இத்தாலியில் ஆகும். 1910ஆம் ஆண்டு ஏப்பிரலில் மிலான் நகரிலிருந்து சான் ரெமோ வரை நடந்த போட்டியின்போது, தூர்க்கீனோ கணவாயில் பனி கொட்டித் தீர்த்தது. விரல்கள் மரத்துப்போய், நடக்கவும் இயலாத நிலையில் வழியோர விடுதி ஒன்றில் ஒதுங்கிய கிறிஸ்தோப், உடல் சற்றுச் சூடேறியதும் மீண்டும் புறப்பட்டார். பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாக ஓடி முதலாவதாக வந்து சேர்ந்தார். புறப்பட்ட பல பத்துப் பேரில் நால்வரே இறுதிப் பட்டியலில் இடம்பெற்றனர். வெற்றியின் பின் ஏறத்தாழ ஒரு மாதம் அவர் மருத்துவமனையிற் கிடந்தார். முழுமையாக உடல்நலம் தேற இரண்டு ஆண்டுகள் சென்றன.

1912இல் அவர் ரூர் து பிரான்ஸில் அடுத்தடுத்து மூன்று கட்டங்களை வென்றார். அவற்றுள் ஒன்றில், கலிபியே மலையைக் கடந்து கிரனோபிள் வரை 300 கிலோ மீற்றருக்கும் மேலாகத் தன்னந்தனியே முன்னோடினார். ஆயினும் அப்போது புள்ளிக் கணக்கு முறையே நடைமுறையில் இருந்ததால், பெல்ஜிய நாட்டவரான ஓடில் டெஃப்ரே முதலிடம் பெற, கிறிஸ்தோப் இரண்டாமவரானார். மறு ஆண்டு நேரக் கணக்கு மீண்டும் கொண்டுவரப்பட்டது. இம்முறை வெற்றி அவருக்கே என்று பலரும் நம்பினர்.

1913 யூலை 9ஆம் நாள், பிரனீஸ் மலைத்தொடரின் ஊடாகப் பயோன் நகரிலிருந்து லூஷோன் வரை 326 கிலோ மீற்றர் ஓட்டம் நடைபெற்றது. டெஃப்ரே போட்டியிலிருந்து விலகிவிட, மொத்தக் கணக்கில் கிறிஸ்தோப் முன்னணிக்கு வந்திருந்தார். 2,115 மீற்றர் உயரமான தூர்மலே கணவாயைப் பெல்ஜியரான பிலிப் தீஸ் முதலில் கடக்க, கிறிஸ்தோப் சில நிமிட இடைவெளியில் பின்தொடர்ந்தார். இறக்கத்தில் விரைந்து வருகையில் வண்டியின் போக்கில் ஏதோ கோளாறு இருப்பதை அவர் உணர்ந்தார். நிறுத்திப் பார்த்தபோது முன்சில்லைத் தாங்கும் இரும்புக் கவை முறிந்திருந்தது.

மாற்று வண்டி பெற விதி இடமளிக்கவில்லை. வண்டியைத் தோளிற் சுமந்து, முன்சில்லைக் கையிற் பிடித்துக்கொண்டு அவர் மலையிறங்கத் தொடங்கினார். பின்தங்கியிருந்த போட்டியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக அவரைக் கடந்து சென்றனர். வழிநெடுக அழுதுகொண்டே நடந்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். பத்துக் கிலோ மீற்றருக்கும் மேலாக நடந்து, மலையடிவாரத்திலுள்ள சந்த் மரி து கம்பான் என்ற சிறு கிராமத்தை அடைந்தார். ஊர்ச் சிறுமி ஒருத்தி அவரைக் கொல்லன் பட்டறைக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றாள்.

கொல்லர் உதவ முன்வந்தார். ஆனால் போட்டி அதிகாரிகள் பட்டறை வாசலில் நின்று கண்காணித்தனர். கொல்லர் வாயால் வழி சொல்லலாம், கையால் தொடலாகாது. மலக்கோப்பில் பழகிய தொழில் அங்கே துணைக்கு வந்தது. கிறிஸ்தோப் உலையில் இரும்பைக் காய்ச்சினார், சம்மட்டியால் அடித்தார், அராவிப் பொருத்தினார். இரும்பைப் பிடிக்கவும் அடிக்கவும் இரண்டு கைகளும் தேவைப்பட்டமையால் துருத்தியை ஊதுவதற்கு அவருக்கு வேறு கை இருக்கவில்லை. பட்டறையில் நின்ற சிறுவன் ஒருவன் துருத்தியை இயக்கினான். காவல் நின்ற அதிகாரி ஒருவர் பசி தாளாமல் உணவருந்தச் செல்ல விரும்பியபோது, தாம் கைதிபோல் இங்கே நிற்கையில் அவர் நிலக்கரியைத் தின்னட்டும் என்று கிறிஸ்தோப் சினந்ததாகவும் சொல்வர்.

மூன்று மணி நேரத்திற்கும் மேலான வேலையின் பின் வண்டி ஓடத் தயாரானது. முன்னால் இன்னும் அஸ்பன், பேரசூர்த் என்ற இரு கணவாய்கள் இருந்தன. பாணைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு அவர் ஏறத் தொடங்கினார். முதல்வரிலும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிந்தியே லூஷோனை அடைந்தார். அங்கே அவருக்குக் காத்திருந்தது தண்டனை. சிறுவனின் உதவியைப் பெற்ற குற்றத்திற்காகப் பத்து நிமிடங்கள் கூட்டப்பட்டன. பின்னர் அது மூன்றாகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு தீஸ் வென்றார். கிறிஸ்தோப் போட்டியைக் கைவிடாது பாரிஸ் வரை ஓடி ஏழாம் இடத்தைப் பெற்றார்.

பின்னர் முதலாம் உலகப் போர் மூண்டது. ரூர் து பிரான்ஸை வென்றவர்களான பேபர், லப்பீஸ், பெத்தி பிரத்தோன் ஆகிய மூவரையும் அப்போர் பலிகொண்டது. உயிர் தப்பிய கிறிஸ்தோப், 1919இல் மீண்டும் தொடங்கிய போட்டிக்கு 34 வயதில் திரும்பினார். குண்டுகளாற் சிதைந்த வீதிகளில் புறப்பட்ட 67 பேரில் பத்துப் பேரே இறுதிப் பட்டியலில் நின்றனர். முன்னணியில் இருப்பவரை மக்கள் எளிதில் அடையாளங் காண வேண்டுமென மஞ்சள் மேற்சட்டை வழங்கும் வழக்கம் அந்த ஆண்டே பிறந்தது. போட்டியை நடத்திய நாளேடு மஞ்சள் தாளில் அச்சாகி வந்தமையே அந்நிறத்திற்குக் காரணம் என்பர். யூலை 19ஆம் நாள் கிரனோபிளில் அதை முதன்முதலாக அணிந்தவர் கிறிஸ்தோப் ஆவார்.

பாரிஸை அடைய இரண்டு கட்டங்களே எஞ்சியிருந்தன. மெற்ஸிலிருந்து டன்கேர்க் வரையான 468 கிலோ மீற்றர் ஓட்டத்தில், வலன்சியேன் அருகே கல் பதித்த வீதியில், அதே கவை மீண்டும் முறிந்தது. மீண்டும் ஒரு பட்டறை. மீண்டும் தம் கையாலேயே திருத்தம். ஒரு மணி நேரத்திற்கும் மேல் வீணாகியது. பெல்ஜியரான பிர்மன் லாம்போ முன்னணிக்கு வந்து வெற்றி பெற்றார், கிறிஸ்தோப் மூன்றாமவரானார். அவருக்காக மக்கள் நாளேட்டின் மூலம் காசு திரட்டினர். பலரும் சிறுகச் சிறுக அனுப்பிய அத்தொகை, வெற்றியாளருக்கான பரிசுப் பணத்தையும் விஞ்சியது.

1922இல் 37 வயதில் மறுபடியும் மஞ்சள் சட்டை அணிந்தார். அந்த ஆண்டும் கலிபியே இறக்கத்தில் மூன்றாம் முறையாகக் கவை முறிய, மலைவழியே நடந்தார். 1925இல், நாற்பது வயதில், தமது கடைசி ரூர் து பிரான்ஸை ஓடி முடித்தார். 1970 பெப்ரவரி 1ஆம் நாள் தமது 85ஆவது வயதில் காலமானார். சந்த் மரி து கம்பானில் அந்தப் பட்டறை இருந்த இடத்தில் நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. முறிந்த கவையைக் கையில் ஏந்தி நிற்கும் அவரது சிலையும் அக்கிராமத்தில் உண்டு.

இன்று வண்டி பழுதானால் பின்னால் வரும் காரிலிருந்து மாற்று வண்டி சில நொடிகளில் இறக்கப்படுகிறது. தனியே திருத்த வேண்டும் என்ற விதி மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆனால் அவ்விதியின் கொடுமையை அன்றே உணர்ந்து, தம் கைக்காசைக் கொடுத்து நீதி செய்ய முயன்றவர்கள் சாதாரண மக்கள் என்பதை நாம் மறத்தலாகாது. ஊரில் கற்ற தொழிலுக்குப் பத்திரம் செல்லாத நாடுகளில், அடியிலிருந்து தொடங்கி உழைப்போர் எம்மிற் பலர். பட்டறை வாசலில் அதிகாரிகள் காவல் நிற்க, கற்ற தொழிலையே நம்பி உலை மூட்டிய அந்த மீசைக்காரரின் வரலாறு அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது என்பது எமது எண்ணம்.