செங்கல் அறிந்த சிற்பி

எங்கள் மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அதை எவரும் இடிக்க முடியாது. ஆனால், நூறாண்டு நிறைந்தவற்றுக்கே 1958ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் காவலைத் தருகிறது. அறுபதாண்டுக் கட்டடத்துக்கு யார் காவல்? அகமதாபாத்தில் இக்கேள்வி எழக் காரணமான கட்டடங்களைப் படைத்தவர் லூயி கான்.

1901இல், அன்று ருஷ்யப் பேரரசில் இருந்த எஸ்டோனியாவில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் தணற்கரியின் ஒளியில் மயங்கி அதை எடுக்கப்போய் முகம் வெந்தது. அத்தழும்பு இறுதிவரை மாறவில்லை. 1906இல் பிலடெல்பியாவில் குடியேறினார். ஊமைப்படக் கொட்டகையில் பியானோ வாசித்துப் பொருளீட்டிக்கொண்டே படித்து, 1924இல் பட்டம் பெற்றார். புகழோ ஐம்பது வயதுக்குப் பின்னரே வந்தது.

1962இல், கட்டடக் கலைஞர் பி. வி. தோஷியின் முயற்சியால், அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தை வடிவமைக்கும் பணி அவரிடம் வந்தது. அந்த வெயிலுக்கு அவர் தேர்ந்தது உள்ளூர்ச் செங்கல். ஆழ்ந்த நிழல், காற்று புகும் பெரிய வட்டத் திறப்புகள், அகன்ற வளைவுகள்! இயற்பியல் மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். வளைவு தட்டையாக ஆக, அதன் கால்கள் இருபுறமும் அதிகமாக உதைக்கும். கான் இரு கால்களையும் கான்கிரீட் விட்டத்தால் இழுத்துக் கட்டினார். அமுக்கத்தைச் செங்கல் தாங்க, இழுவிசையைக் கான்கிரீட்டினுள் உள்ள கம்பி தாங்கியது. அதை அவர் பூசி மறைக்கவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கே தெரியும்.

1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையக் கழிப்பறையில் மாரடைப்பால் மாண்டார். கடவுச்சீட்டில் முகவரி அடிக்கப்பட்டிருந்ததால் உடல் சில நாள் கேட்பாரற்றுக் கிடந்தது. டாக்காவில் அவர் வடிவமைத்த நாடாளுமன்றம் அப்போது முடிவடையவில்லை. உலகப் புகழ் பெற்ற அம்மனிதர் விட்டுச்சென்றது பெருங்கடன்.

2020 டிசம்பரில் அவரது 18 விடுதிகளுள் 14ஐ இடிக்க நிர்வாகம் முனைந்தது. ஒழுகல், விரிசல், 2001 நிலநடுக்கம் எனக் காரணங்கள் கூறப்பட்டன. தங்கும் மாணவன் தலையில் காரை விழக்கூடாது என்பது நியாயமே. விடுதியில் இருப்பவர்க்கு அது புரியும். உலகெங்கும் எதிர்ப்பு எழவே, 2021 ஜனவரி முதல் நாள் அம்முடிவு கைவிடப்பட்டது. 2022 நவம்பரில், விடுதிகளைப் புதிதாகக் கட்டுவதென மீண்டும் அறிவித்தார்கள்.

அதே வளாகத்தில், அதே கானின் செங்கல் நூலகமும் பழுதுபட்டுத்தான் இருந்தது. அதை இடிக்காமல் செப்பனிட்டார்கள். அப்பணிக்கு 2019இல் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது.