இசைக்கு எல்லை காணாத கான் சாகிப்

டிசம்பர் மாதம் பிறந்ததும் சென்னைச் சபைகளை எண்ணி ஏங்குவது, ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர் இயல்பு. எனினும், நாம் குடியேறி வாழும் இப்புனே நகரமும் இசைக்குச் சளைத்ததன்று. அதே மாதத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் சவாய் கந்தர்வ பீம்சேன் பெருவிழாவில், மக்கள் குளிரையும் பொருட்படுத்தாது நெடுநேரம் அமர்ந்து பாட்டில் திளைப்பதை நம்மில் பலர் கண்டிருக்கலாம். அவ்விழாவிற்கு வேராக நின்ற பெருந்தகை ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகிறோம். அவரே உஸ்தாத் அப்துல் கரீம் கான்.

1872ஆம் ஆண்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கைரானா என்னும் ஊரில், வழிவழியாக இசையையே வாழ்வாகக் கொண்ட குடும்பத்தில் அவர் தோன்றினார். அவ்வூரின் பெயராலேயே அவர்தம் இசை மரபு கிரானா என வழங்கலாயிற்று. இளமையில் பரோடா சமஸ்தானத்தில் பாடகராக அமர்ந்தார். தாராபாய் மானே என்னும் மங்கையை மணந்தார். இருவரும் பரோடாவை விட்டு நீங்கினர். காலப்போக்கில் மிரஜ் நகரம் அவருக்கு நிலையான இருப்பிடமாயிற்று.

வித்தையைத் தம் குடும்பத்தாருக்கு அப்பால் கொடுக்கப் பலர் தயங்கிய காலம் அது. கான் சாகிபோ 1913இல் புனேயில் ஆரிய சங்கீத வித்யாலயம் என்னும் பள்ளியை நிறுவிப் பிறருக்கும் கலையை வழங்கினார். குந்த்கோல் என்னும் கன்னட நாட்டு ஊரில் பிறந்த இராமச்சந்திரர் அவரிடம் பயின்று, சவாய் கந்தர்வர் என்னும் சிறப்புப் பெயருடன் விளங்கினார்.

புகழ் வளர்ந்த அளவுக்கு இல்வாழ்வில் அவருக்கு அமைதி வாய்க்கவில்லை. தாராபாய் தம் மக்களை அழைத்துக்கொண்டு பிரிந்து சென்றார். தந்தையின் பெயரைத் தாங்காமலே அம்மக்கள் வளர்ந்தனர். ஆயினும் இசை அவர்களைக் கைவிடவில்லை. சுரேஷ்பாபு மானேயும் ஹீராபாய் பரோடேகரும் தந்தையின் மரபிலேயே பெரும்புகழ் எய்தினர்.

தமிழராகிய நாம் அவரை நினைப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. மைசூர் அரசவைக்குச் சென்று பாடியபோது கருநாடக இசையுடன் அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. நம் வித்வான்கள் சுரம் பாடும் முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதைத் தம் பாணிக்கேற்ப அமைத்து இந்துஸ்தானி மேடையிலும் பாடினார். தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனையைக் கற்று இசைத்தட்டிலும் பதிவு செய்தார். முதிர்ந்த வித்வானாக இருந்தும் மாணவராவதற்கு அவர் நாணவில்லை.

1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னைக்கு வந்தவர், அங்கிருந்து புதுச்சேரிக்கு ரயிலேறினார். வழியில் உடல் நலம் குன்றவே, செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். அந்நிலையத்திலேயே தொழுகை செய்து, தர்பாரி இராகத்தில் இறைவனைப் பாடியவாறே உயிர் நீத்தார் என்பர். வடநாட்டில் பிறந்த அக்குரல் தமிழ் மண்ணில் அடங்கிற்று. அவரது உடல் மிரஜ் நகரத்துத் தர்காவில் அடக்கம் செய்யப்பெற்றது. அங்கு அவர் நினைவாக ஆண்டுதோறும் இசைவிழா நடைபெற்று வருகிறது.

சவாய் கந்தர்வர் 1952இல் மறைந்தார். மறு ஆண்டே அவர் நினைவாகப் புனேயில் விழா தொடங்கிற்று. அவருடைய மாணவர் பீம்சேன் ஜோஷி அதனைப் பல்லாண்டுகள் பேணி வளர்த்தார். 2011இல் அவரும் மறைந்தபின் அவர் பெயரும் விழாப் பெயருடன் இணைந்தது. ஆசிரியருக்கு மாணவர் செலுத்தும் நன்றியே ஒரு நகரின் திருவிழாவாக மலர்ந்துள்ளது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கருநாடக இசை கற்பிக்கிறோம். அது வேண்டற்பாலதே. அத்துடன், ஆண்டில் ஒரு நாளேனும் அவர்களை இந்நகரின் விழாப் பந்தலுக்கும் அழைத்துச் செல்வோமாக. நம் இசையை அயலாருடையது என்று கான் சாகிப் ஒதுக்கவில்லை. அவர் வளர்த்த இசையை நாமும் அயலென்று ஒதுக்காதிருப்பதே அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கமாகும்.