எஷெரிக்கும் அவர் கண்ட கிருமியும்

உயிரியல் படிக்கும் எவருக்கும் இ.கோலி பழகிய பெயர். அந்த ‘இ’ ஒரு குழந்தை மருத்துவரைக் குறிக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன். அவர் தியோடோர் எஷெரிக்.

1857இல் ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவப் பட்டம் பெற்றபின், 1884இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று, அங்குப் பரவிய காலராவை ஆராய்ந்தார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஏராளமான கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்தன. நோய்க் கிருமியை அடையாளம் காண, முதலில் நலமான குழந்தையின் குடலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என எஷெரிக் கருதினார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான். மியூனிக் நகரில் பச்சிளங்குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார். பிறந்ததும் வெளியேறும் முதல் மலத்தில் கிருமி இல்லை. ஆனால், சில மணி நேரத்திலேயே கிருமிகள் குடலில் குடியேறிவிடுகின்றன. அவற்றுள் குச்சி வடிவிலான ஒன்றை 1885இல் அவர் விவரித்தார். அதற்குத்தான் பின்னாளில் அவர் பெயர் சூட்டப்பட்டது.

1902இல் வியன்னாவுக்குச் சென்று, குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார். தாய்ப்பாலின் அவசியத்தை ஊரெங்கும் எடுத்துரைத்தார். எத்தனையோ பிள்ளைகளைக் காத்தவரின் சொந்த மகன் 10 வயதில் குடல்வால் அழற்சியால் இறந்தான். அன்று ஆன்டிபயாட்டிக் மருந்து ஏதும் இல்லை. எஷெரிக் 1911இல் காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. அவர் பிரித்தெடுத்த கிருமி பிரிட்டனின் சேகரிப்பு ஒன்றில் பாதுகாக்கப்பட்டு வந்தது. அதன் முழு மரபணுத் தொகுப்பை ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். அதில் வெள்ளியின் நச்சை எதிர்க்கும் 9 மரபணுக்கள் இருந்தன! உள்ளே நுழையும் வெள்ளியை வெளியே இறைத்துவிடும் பம்பு போன்ற அமைப்பை அவை உருவாக்குகின்றன. அன்றைய ஜெர்மனியில் புழங்கிய வெள்ளிப் பாத்திரங்களும் நாணயங்களும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம்.

இதை அறிந்தபோது நான் வியந்துபோனேன். பென்சிலின் புழக்கத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சாதாரணக் குடல் கிருமி எதிர்க்கும் வித்தையைக் கற்றிருந்தது. இன்று சில கிருமிகள் ஆன்டிபயாட்டிக்கையும் இப்படியே வெளியேற்றுகின்றன. வேறு சில, மருந்தையே சிதைக்கின்றன. அந்த மரபணுக்கள் பல நேரங்களில் பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையங்களில் இருக்கும். ஒரு கிருமி அதன் நகலைப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். வாங்கிக்கொள்வது வேறு இனமாகவும், நோய் உண்டாக்குவதாகவும் இருக்கலாம். இந்தக் கைமாற்றம் நம் குடலிலேயே நடக்கக்கூடும்.

நாம் ஆன்டிபயாட்டிக் உட்கொள்ளும்போது, மருந்துக்குப் பணியும் கிருமிகள் சாகின்றன. எதிர்ப்பவை தங்கிப் பெருகுகின்றன. வைரஸால் வரும் சளிக்காய்ச்சலுக்கு இம்மருந்து உதவாது. ஆனால், குடலில் இந்த வேலையைச் செய்துவிடும். ஆகவே நண்பர்களே, வீட்டில் மிஞ்சிய மாத்திரையை நாமாக எடுத்து விழுங்க வேண்டாம், மருத்துவரைக் கேட்போம். எஷெரிக்கின் மகனுக்குக் கிடைக்காத மருந்து இன்று நம்மிடம் இருக்கிறது. அது நம் தம்பி தங்கையருக்கும் பலிக்க வேண்டும்.